எட்டு நொடி

துர்க்கு நகரம், நவம்பர், காலை ஏழரை.
இன்னும் விடியவில்லை. விடிந்தாலும்
பெரிய வித்தியாசம் இராது.
அவுரா ஆற்றங்கரையில் சைக்கிள் சீட்டெல்லாம் உறைபனி.
நான் மாடியேறி வந்து விரலில் மோதிரம் மாட்டுகிறேன்.
தங்கமில்லை, கதிர் வாங்கும் மோதிரம்.
மாதக் கடைசியில் அதைப் பிரித்து
என் விரல் எவ்வளவு வாங்கியதென்று
யாரோ ஒருவர் படிப்பார்.

எட்டேகாலுக்குக் கீழே சைக்ளோட்ரான் நின்றது.
இனி நேரம் கார்பனின் கையில்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
அரை, கால், அரைக்கால், மாகாணி என்று
தேய்ந்துகொண்டே போகிற சரக்கு.
ஈயச் சுவருக்கு அப்பால் சின்னக் குடுவையில்
அது மெத்தில் வேடம் போட்டுக்கொள்கிறது.
"ஏற்று" என்றார் இல்மாரி. ஏற்றினேன்.

திரையில் இரண்டு கோடுகள்.
மேலே புற ஊதா: திரண்டிருப்பதைப் பார்க்கும்.
கீழே கதிர்: எரிவதை மட்டும் கேட்கும்.
ஒரே குழாய்தான். ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்கு
நாலு நொடி நடை.

மூன்றாம் நிமிடம் கீழ்க்கோடு துள்ளிக் குதித்தது.
எதோடும் சேராத கரியின் கூச்சல்.
போகட்டும், கழிவுப் புட்டிக்கு.

ஆறாம் நிமிடம் மேல்கோட்டில் மலை எழுந்தது.
மூலப்பொருள்; வினையில் கலக்காத மிச்சம்.
ஒரு மில்லிகிராம்கூட இல்லை,
இந்தக் குழாய்க்குள் அதுதான் பணக்காரன்.
கீழ்க்கோடு அசையவே இல்லை.
அவ்வளவு உடம்பு, ஒரு சொல் கிடையாது.

நான் காத்திருப்பது அதற்குப் பின்னால் வருவதற்கு.
எடை என்று சொல்ல ஒன்றுமில்லாதது.
மேல்கோட்டுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.
கீழ்க்கோடு மட்டும் எழுந்து நிற்கும்.
மற்ற நாட்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கும்.
இன்று மலைக்கு வால்.
கிழட்டுக் காலம், இறங்காத அழுத்தம்;
திங்கட்கிழமையே மாற்றியிருக்க வேண்டும்.

தொலைபேசியில் சாய்மா:
"ஆள் படுத்தாயிற்று. தலையைப் பொருத்தியாயிற்று."
"கை?"
"அது எங்கே நிற்கிறது."
எனக்குத் தெரிந்தது எழுபத்து நாலு கிலோ, ஒன்பது ஐந்து மணி.
பெயர் எனக்கு வராது.
சாய்மாதான் வாய்தவறி, தீவுப் படகில்
சுக்கான் பிடித்தவராம் என்றாள்.

கீழ்க்கோடு எழத் தொடங்கியது. விரல் பொத்தான் மேல்.
இப்போதே அழுத்தினால் அளவு நிறையும்,
வாலும் கூடவே வரும்.
வந்து, அந்த மனிதரின் மூளையில்
போட்டிருக்கும் நாற்காலிகளில் துண்டு விரித்துவிடும்.
எரிகிற விருந்தாளி வாசலிலேயே நிற்பான்.

விட்டேன்.
ஒன்று. இரண்டு.
சரிவின் செங்குத்தான பக்கம்
கண்ணெதிரே கழிவுக்குப் போகிறது.
இல்மாரி பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார்.
ஐந்து. ஆறு.
ஏழு என்பது இவ்வளவு நீளமென்று
எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை.
எட்டு.

அழுத்தினேன்.

"மூன்றில் ஒரு பங்கு போச்சு."
"தெரியும்."

ஆவியாக்கி, உப்புநீர் சேர்த்து, வடிகட்டி,
ஒரு சொட்டை இல்மாரி சோதனைக்கு எடுத்துப் போனார்.
கீழ்க்கோட்டில் ஒற்றை ஊசி.
மேல்கோடு, உறைந்த கடல்.
கையெழுத்துப் போட்டுவிட்டு எண்ணை மட்டும் வாசித்தார்:
எட்டு ஐம்பத்தொன்பதுக்கு முந்நூற்றுப் பத்து.
ஊசி போடும்போது தேவை இருநூற்று ஐம்பது.
மனக்கணக்கை இருவரும் போட்டோம், இருவரும் சொல்லவில்லை.
காற்றுக்குழாய் புஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டது.

ஒன்பது ஆறுக்கு சாய்மா:
"இருநூற்று நாற்பத்து மூன்று.
டாக்டர் கொஞ்சம் யோசித்தார். போட்டாயிற்று."

அந்த எட்டு நொடி
ஈயத்துக்குப் பின்னால் கழிவுப் புட்டியில் கிடக்கிறது.
சாயங்காலம் பார்த்தால் வெறும் போரான்,
யாருடைய தலைக்குள்ளும் போகாமலேயே குளிர்ந்தது.
குற்றமா, சரியா, அதனிடம் கேட்க முடியாது.
புதுக் காலத்தைத் திருகி மாட்டினேன்.
பழையதைக் குப்பையில் போட மனமில்லாமல்
இழுப்பறையில் வைத்தேன், அபத்தம்.

வியாழக்கிழமை. கான்டீனில் பட்டாணி சூப்.
கரண்டியை நிறைய மொண்டு தூக்கினேன்.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
வாய்க்குக் கொண்டுபோகாமல்
கையையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.